கிராப்பி, பன்னிரண்டு மாதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் பிறந்தால் போதும், டாலஸ் பக்கத்து நண்பர்கள் "எந்த ஏரி, என்ன இரை?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். ஜூனில் அந்தக் கேள்வி "மீனெல்லாம் எங்கே போச்சு?" என்று மாறும். செப்டம்பருக்குள் தூண்டில்கள் கராஜ் மூலைக்குப் போய்விடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எனக்கும் வேலை மிச்சம். நான் மீன் பிடிப்பது வடக்கு டெக்சாஸில். அதனால் கீழே வரும் மாதக் கணக்கு இந்தப் பக்கத்துக்கானது. டென்னஸியிலோ ஓஹையோவிலோ இருப்பவர்கள் மாதத்தை விட்டுவிட்டுத் தண்ணீரின் வெப்பநிலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிராப்பி என்பது என்ன மீன்? நம்ம ஊரில் உண்டா?

கிடையாது. இது வட அமெரிக்காவின் நன்னீர் மீன், சன்ஃபிஷ் குடும்பம். லார்ஜ்மவுத் பாஸும் புளூகில்லும் இதற்குப் பங்காளிகள். கையில் எடுத்ததும் நமக்கு ஜிலேபிக் கெண்டைதான் ஞாபகம் வரும், அதே தட்டையான அகன்ற உடம்பு. வாயைத் திறந்து பார்த்தால் ஆள் வேறு என்று தெரிந்துவிடும். ஜிலேபி பாசி மேயும். கிராப்பி குட்டி மீனை முழுசாக விழுங்கும். உதட்டோரம் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய ஜவ்வு இருக்கும், விரித்துப் பிடித்தால் வெளிச்சம் தெரியும். அதனால்தான் இதற்குப் 'பேப்பர்மவுத்' என்று ஒரு பட்டப்பெயர். ஃபுளோரிடாவில் 'ஸ்பெக்' என்பார்கள், லூசியானாவில் 'சாக்-அ-லே'. நல்ல பெரிய மீனுக்கு எல்லா ஊரிலும் ஒரே பெயர்: 'ஸ்லாப்'.

வெள்ளைக் கிராப்பி, கறுப்புக் கிராப்பி என்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறத்தை நம்பாதீர்கள். கலங்கல் தண்ணீரில் கறுப்புக் கிராப்பியும் வெளுத்துக் கிடக்கும். முட்டையிடும் காலத்தில் வெள்ளைக் கிராப்பியின் ஆணும் முகம் கறுத்து நிற்கும். முதுகுத் துடுப்பின் முன்பகுதியில் இருக்கும் முட்களை எண்ணுங்கள். ஐந்தோ ஆறோ இருந்தால் வெள்ளை, ஏழோ எட்டோ இருந்தால் கறுப்பு. வெள்ளைக்கு உடம்பில் மேலிருந்து கீழாக மங்கலான பட்டைகள், கறுப்புக்கு மிளகைத் தூவியது போல ஒழுங்கில்லாத புள்ளிகள். கலங்கலை வெள்ளை தாங்கிக்கொள்ளும். தெளிந்த தண்ணீரும் நீர்ச்செடியும் இருக்கும் இடம் கறுப்புக்குப் பிடிக்கும். எங்கள் பக்கத்து ஏரிகளில் இரண்டும் கலந்தே கிடைக்கின்றன. ருசியில் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை.

உலக சாதனை எடை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வெள்ளை 5 பவுண்டு 3 அவுன்ஸ், 1957இல் மிசிசிப்பியின் ஈனிட் அணைப் பக்கம் பிடிபட்டது. கறுப்பு 5 பவுண்டு 7 அவுன்ஸ், 2018இல் டென்னஸியில் ஒரு குளத்தில். நீங்களும் நானும் பிடிக்கப்போவது பெரும்பாலும் முக்கால் பவுண்டு.

உண்மையிலேயே ஆண்டு முழுக்கப் பிடிக்க முடியுமா? வசந்தத்தில் மட்டும்தான் என்கிறார்களே?

முடியும். என் முதல் வருட முட்டாள்தனத்தைச் சொன்னால் காரணம் புரியும்.

அந்த ஏப்ரலில் ஒரு மீன்பிடி மேடையின் ஓரத்தில் நின்று, மூன்றடி ஆழத்தில் தக்கையைக் கட்டி, இரண்டு மணி நேரத்தில் பதினான்கு மீன் எடுத்தேன். ஜூனில் அதே மேடை, அதே மூலை, அதே மூன்றடி. நாலு சனிக்கிழமை போயும் ஒன்றும் இல்லை. ஏரியில் மீனையெல்லாம் அள்ளிவிட்டார்கள் என்றே நம்பிவிட்டேன். ஐந்தாவது சனிக்கிழமை, மேடையின் கடைசியில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சத்தமில்லாமல் மீன்மேல் மீனாகப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன். அவர் பதில் எதுவும் சொல்லவில்லை. என் தக்கையைக் கையில் வாங்கி, தூண்டில் நரம்பில் இருந்த முடிச்சை மேலே மேலே தள்ளிக்கொண்டே போய், பதினாறு அடியில் நிறுத்திக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் முதல் கொத்து.

மீன் எங்கும் போகவில்லை, கீழே போயிருந்தது. கிராப்பியைப் பொறுத்தவரை 'எந்த மாதம்' என்ற கேள்விக்கு 'எத்தனை அடி' என்பதுதான் பதில். இரை, நிறம், நேரம் எல்லாம் அதற்கு அப்புறம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிராப்பியின் கண் தலையில் மேல்பக்கமாக இருக்கிறது. அது மேலே பார்த்துத்தான் தின்னும். தலைக்கு ஓரடி மேலே இரை தொங்கினால் ஏறி வந்து எடுக்கும், வயிற்றுக்குக் கீழே போனால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஆழம் சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் மேலாகவே நிறுத்துங்கள்.

வசந்தத்தில் சரியாக எப்போது போக வேண்டும்?

காலண்டரைப் பார்த்துக் கிளம்பாமல் தண்ணீரில் தெர்மாமீட்டரை விடுங்கள். தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது (10 செல்சியஸ்) மீன் ஆழத்தைவிட்டு நகர ஆரம்பிக்கும். இங்குள்ள ஏரிகள் பெரும்பாலும் அணை கட்டித் தேக்கியவை. அடியில் பழைய ஓடைகளின் பள்ளம் அப்படியே இருக்கிறது. நாம் ரோட்டில் போவது போல மீன் அந்தப் பள்ளம் வழியாகவே கரைப்பக்கம் வரும். இங்கே பிப்ரவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடு வரை அது எட்டு முதல் பதினைந்து அடியில், ஓடையின் வளைவுகளில், முங்கிய மரங்களைச் சுற்றிக் கூட்டமாக நிற்கும். பெரிய பெண் மீன்கள் சேர்ந்து நிற்பது இந்தக் கட்டத்தில்தான். படகு இருப்பவர்களுக்கு ஆண்டின் சிறந்த இரண்டு வாரம் இது என்பேன்.

60 டிகிரியைத் தொட்டதும் ஆண் மீன்கள் கரைக்கு வந்து அடித்தரையைத் துடுப்பால் பெருக்கிக் குழி பறிக்கும். 60 முதல் 68 வரை (ஏறக்குறைய 16 முதல் 20 செல்சியஸ்) முட்டையிடும் காலம். இங்கே மார்ச் பிற்பகுதியும் ஏப்ரலும். இரண்டடித் தண்ணீரில்கூட மீன் நிற்கும். கோரைப்புல் ஓரம், படகுத்துறைக் கால்கள், சாய்ந்த மரம் என்று கரையில் நடந்தபடியே பிடிக்கலாம். படகில்லாதவர்களுக்குத் திருவிழா இதுதான். டென்னஸியின் ரீல்ஃபுட் ஏரியில், தண்ணீருக்குள் நிற்கும் சைப்ரஸ் மரங்களின் அடியில் ஒவ்வொரு மரமாக இரையை இறக்கிப் பார்த்துக்கொண்டே போவார்கள். 1811-12 நிலநடுக்கத்தில் நிலம் அமிழ்ந்து உண்டான ஏரி அது.

நடுவில் ஒரு குளிர்க்காற்று வீசினால் எல்லாம் தலைகீழ். வியாழன் வரை மூன்றடியில் இருந்த மீன் சனிக்கிழமை பத்தடிக்குப் பின்வாங்கிவிடும். "போன வாரம் இங்கேதான் பிடித்தேன்" என்று அதே இடத்தில் நிற்காமல் பக்கத்திலுள்ள ஆழத்தைத் தேடுங்கள்.

முட்டையைக் காவல் காக்கும் மீனைப் பிடிப்பது பாவமில்லையா?

என் அம்மா கேட்ட கேள்வி. சட்டப்படி தடையில்லை. கிராப்பி ஏராளமாகப் பெருகும் மீன். சிறிய குளங்களில் அளவுக்கு மீறிப் பெருகி, தீனி போதாமல் எல்லாம் உள்ளங்கை அளவிலேயே நின்றுபோவதும் உண்டு. ஆனாலும் கரையில் கூட்டைக் காப்பது ஆண் மீன், அதைத் தூக்கினால் முட்டையை மற்ற மீன்கள் தின்றுவிடும். கன்னங்கரேலென்று இருக்கும் ஆண்களில் சமையலுக்கு நாலைந்தை வைத்துக்கொண்டு மற்றதை அங்கேயே விட்டுவிடுவேன். இது என் பழக்கம், யாருக்கும் உபதேசமில்லை.

கோடையில்?

மே மாதம் முட்டை வேலை முடிந்ததும் மீன் வந்த வழியே திரும்பும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூட்டம் பெரும்பாலும் பன்னிரண்டு முதல் இருபத்தைந்து அடிக்குள்.

ஏன் ஏரியின் அடிமட்டத்துக்கே போகவில்லை? சின்ன வயதில் கிணற்றில் குதித்தவர்களுக்கு இது தெரியும். மேலே வெதுவெதுப்பு, கொஞ்சம் முங்கினால் காலில் சட்டென்று ஜில். கோடை ஏரியும் அப்படி இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடுகிறது. நடுவில் இருக்கும் எல்லையைத் தெர்மோக்ளைன் என்பார்கள். கீழடுக்கு குளிர்ச்சிதான், ஆனால் மேல் தண்ணீரோடு கலக்காததால் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அங்கே மீன் தங்காது. மேலே வெயில், கீழே மூச்சுமுட்டல், ஆகவே எல்லைக்குச் சற்று மேலே, நிழலும் மறைவும் உள்ள இடத்தில் அடைந்துகொள்ளும். பாலத்தின் தூண்கள், ஆழமான படகுத்துறை, மீனுக்காகவே ஆட்கள் முக்கிப் போட்ட மரக்கிளைக் குவியல் இதெல்லாம் கோடை விலாசங்கள். தெர்மோக்ளைன் இருபதடியில் இருக்கும்போது முப்பதடியில் இரையை விட்டால் காலியான அறையில் சாப்பாடு பரிமாறுவது போலத்தான்.

டெக்சாஸ் ஜூலை வெயிலில் பகலில் போகவே வேண்டாம். இரவில் போங்கள். பாலத்தடியில் படகைக் கட்டி, பச்சை விளக்கு ஒன்றைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். வெளிச்சத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகள் கூடும், அவற்றைத் தின்ன ஷாட் என்கிற மத்திக்கு உறவான குட்டி மீன்கள் வட்டமிடும், அவற்றைத் தேடிக் கிராப்பி வரும். இதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். பொறுமையில்லாமல் அரை மணிக்கொரு தரம் இடம் மாற்றுகிறவர்கள் விடியும்வரை விளக்கைத்தான் தூக்கிக்கொண்டு அலைவார்கள்.

இலையுதிர் காலம்?

அக்டோபரில் மேல்தண்ணீர் குளிர்ந்து கீழே இறங்க, இரண்டு அடுக்கும் கலந்துவிடும். அந்தக் கொஞ்ச நாள் மீன் எங்கே நிற்கும் என்று சொல்லவே முடியாது, நான் வீட்டில் கிரிக்கெட் பார்ப்பேன். பிறகு ஷாட் கூட்டம் ஓடைகளுக்குள் போகும், கிராப்பி பின்தொடரும். தண்ணீரின் மேல் குட்டி மீன்கள் மழைத்தூறல் விழுவது போலத் துள்ளினால் அதன் அடியில் இரையை இறக்குங்கள். மீன் குளிர்காலத்துக்கு முன் வயிறு நிறையத் தின்னும் நேரம் இது. ஏரியிலோ ஆளே இருக்காது, பாதிப் பேர் மான் வேட்டைக்குப் போயிருப்பார்கள்.

குளிரில் பிடிக்க முடியுமா? போவதில் அர்த்தம் உண்டா?

எனக்குப் பிடித்த பருவமே டிசம்பர், ஜனவரிதான். கூட்டம் நெருக்கமாக, ஓரிடத்தில் நிற்கும். ஒரு மீன் கிடைத்த இடத்தில் இருபது இருக்கும். ஆழம் இருபத்தைந்து, முப்பது, சில ஏரிகளில் நாற்பது அடிக்கு மேல். உடம்பு குளிர்ந்த மீன் இரையைத் துரத்தாது. ஆகவே ஜிக்கை (ஈயத் தலை வைத்த தூண்டில் முள்) ஆட்டாமல், அசையாமல் பிடித்திருக்க வேண்டும். சும்மா பிடிப்பதுதான் கஷ்டம், கை நடுங்குமே!

குளிர்காலத்துக் கொத்து 'டக்' என்று வராது. இரையின் கனத்தால் விறைப்பாக நிற்கும் நரம்பு திடீரென்று லேசாகத் தொய்யும். மேலே பார்த்தபடி ஏறிவந்த மீன் ஜிக்கை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறது, கனம் உங்கள் கையிலிருந்து அதன் வாய்க்கு மாறிவிட்டது. அவ்வளவுதான் சைகை. அந்தத் தொய்வை முதல் தடவை கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் ஏப்ரல் மாதப் பதினான்கு மீனில்கூட வரவில்லை.

ஆழத்திலிருந்து தூக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. மேலே வர வர அழுத்தம் குறைந்து மீனின் காற்றுப்பை ஊதிவிடும். விட்டாலும் நீந்தி இறங்க முடியாமல் மிதந்து செத்துப்போகும். டாலஸுக்குக் கிழக்கே உள்ள லேக் ஃபோர்க்கில் இதற்காகவே ஒரு விதி இருக்கிறது. டிசம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி நாள் வரை குறைந்தபட்ச நீளம் கிடையாது, பிடித்த கிராப்பி எதையும் திரும்ப விடவும் கூடாது. சின்னதோ பெரிதோ 25 ஆனதும் கிராப்பி பிடிப்பதை நிறுத்திவிட வேண்டும். முதலில் கேட்டபோது விசித்திரமாக இருந்தது. மிதக்கும் மீனை ஒருமுறை பார்த்தபின் நியாயம் புரிந்தது.

ஏரி உறைந்துபோகும் மாநிலத்தில் இருக்கிறேன். எனக்கு?

மினசோட்டாவில் இருக்கும் என் சித்தப்பா மகன் பனியில் ஓட்டை போட்டுத்தான் பிடிக்கிறான். நான் ஒருமுறை போய் நடுங்கிவிட்டு வந்தவன், அதிகம் பேசத் தகுதியில்லை. அங்கே கிராப்பி ஆழமான பகுதியின் நடுவில், தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். மாலை மங்கும் நேரத்தில் நன்றாகக் கொத்தும். நடந்து போவதற்குக் குறைந்தது 4 அங்குலம் கெட்டியான, தெளிந்த பனி வேண்டும். வெள்ளையாக நுரைத்த பனியை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

என்ன சாமான் வாங்க வேண்டும்?

குறைவாகத்தான். ஆறு, ஏழு அடியில் மெல்லிய தூண்டில் கம்பு, சின்ன ரீல், 6 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு. ஜிக் என்பது ஈயத் தலையோடு இருக்கும் தூண்டில் முள், அதில் ரப்பர் வாலோ இறகோ மாட்டியிருப்பார்கள். 1/16 அவுன்ஸில் பத்து வாங்கினால் முக்கால் ஆண்டு ஓடும். இரண்டடித் தண்ணீருக்கும் குளிருக்கும் 1/32. கடையில் நூறு நிறம் அடுக்கியிருப்பார்கள், அந்த நிறமெல்லாம் மீனைவிட மனிதர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. தெளிந்த தண்ணீருக்கு வெள்ளை, கலங்கலுக்குக் கறுப்பும் பளிச்சென்ற மஞ்சள்-பச்சையும் சேர்ந்தது. இதற்குமேல் நான் யோசிப்பதில்லை.

முக்கியமான சாமான் நகரும் தக்கை. ஊரில் நாம் மயிலிறகுத் தண்டையோ நெட்டியையோ நரம்பில் இறுக்கிக் கட்டுவோம். இதில் தக்கைக்குள் நரம்பு ஓடும், மேலே கட்டிய சின்ன நூல் முடிச்சு வந்து தட்டும்வரை இரை இறங்கும். முடிச்சு ரீலுக்குள்ளும் சுற்றிக்கொள்ளும் என்பதால் இருபதடி ஆழத்தையும் ஆறடிக் கம்பால் வீசலாம். ஆறடியில் ஆரம்பியுங்கள். பத்து நிமிடம் கொத்தில்லையென்றால் முடிச்சை இரண்டடி மேலே தள்ளுங்கள். அந்தப் பெரியவர் எனக்குச் செய்தது அதுதான்.

உயிர் மின்னோவா, ஜிக்கா?

தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதும் குழந்தைகளோடு போகும்போதும் மின்னோ. இரண்டு அங்குலக் குட்டி மீன், இரைக் கடையில் டஜன் கணக்கில் கிடைக்கும். இரண்டு உதட்டையும் சேர்த்துக் குத்தினால் நெடுநேரம் உயிரோடு நீந்தும். மற்ற நேரம் ஜிக் போதும், கையும் நாறாது. மண்புழுவுக்குக் கிராப்பி எப்போதாவதுதான் வரும். புளூகில்தான் வந்து பிய்த்துக்கொண்டு போகும்.

கொத்துகிறது, பாதி வழியில் கழன்றுவிடுகிறது. ஏன்?

ஊரில் விரால் பிடித்த பழக்கத்தில் சுண்டி இழுத்திருப்பீர்கள். அந்த வெங்காயத் தோல் உதடு கிழிந்துவிடும். தக்கை முங்கியதும் மணிக்கட்டை மட்டும் லேசாக உயர்த்தி, நரம்பைத் தொய்யவிடாமல் ஒரே வேகத்தில் சுற்றுங்கள். தண்ணீரிலிருந்து கம்பால் தூக்காதீர்கள், கைவலையில் ஏந்துங்கள். நான் இழந்த பெரிய மீன்களில் பாதி, படகின் விளிம்பில், கைவலை காலடியில் கிடக்கும்போதே போனவை.

படகும் சோனாரும் இல்லாமல் முடியாதா?

கரையிலிருந்தே வசந்தம் முழுக்கப் பிடிக்கலாம், கோடையில் ஆழமான மீன்பிடி மேடையிலிருந்து பிடிக்கலாம். ஜனவரியில் படகில்லாமல் சிரமம். சோனார் என்பது ஒலியலையால் தண்ணீருக்குள் மீனைத் தேடும் கருவி. 2018இல் கார்மின் கம்பெனியின் லைவ்ஸ்கோப் என்கிற சோனார் வந்ததிலிருந்து தண்ணீருக்குள் மீன் நகர்வதைத் திரையில் நேரடியாகப் பார்த்து, அதன் மூக்குக்கு மேலேயே ஜிக்கை இறக்குகிறார்கள். ஒரு நண்பரின் படகில் நானும் பார்த்திருக்கிறேன். மீன் ஏறி வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்ப்பது அலாதியான அனுபவம்தான். நாள் முழுக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததில் அலுவலகத்தில் இருப்பது போலவும் இருந்தது. அவர் எனக்கு முன்னால் 25 எடுத்துவிட்டார், அதையும் சொல்லியாக வேண்டும்.

லைசென்ஸ், அளவு, எண்ணிக்கை?

டெக்சாஸில் 17 வயது ஆனவர்களுக்கு நன்னீர் மீன்பிடி லைசென்ஸ் வேண்டும். மாநிலப் பூங்காவுக்குள் கரையிலிருந்து பிடித்தால் தேவையில்லை, பழகிப் பார்க்க அதுவே நல்ல இடம். பெரும்பாலான ஏரிகளில் குறைந்தபட்சம் 10 அங்குலம், வெள்ளையும் கறுப்பும் சேர்த்து ஒருவருக்கு நாளைக்கு 25. மினசோட்டாவில் பொது வரம்பு 10தான். ஏரிக்கு ஏரி விதிவிலக்கு உண்டு, கிளம்புவதற்கு முன் மாநில இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். அளவுகோல் கையில் இருக்கட்டும். "பத்து இருக்கும்னு நினைச்சேன் சார்" என்பது கேம் வார்டனிடம் (மீன்பிடி, வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரி) செல்லாது.

எப்படிச் சமைப்பது?

வெள்ளைச் சதை, கவிச்சி கிட்டத்தட்ட இல்லை. இங்கத்திக்காரர்கள் இரண்டு பக்கமும் சதையை மட்டும் அரிந்து, சோள மாவில் புரட்டி எண்ணெயில் பொரிப்பார்கள். நான் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சைச் சாறு, ஒட்டுவதற்குக் கொஞ்சம் அரிசி மாவு போட்டு அரைமணி ஊறவைத்து, தோசைக்கல்லில் கறிவேப்பிலையோடு போட்டெடுப்பேன். துண்டு மெல்லியது, பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும். அரிந்த சதையைக் குழம்பில் போடாதீர்கள், கரைந்து காணாமல் போய்விடும். குழம்பு வேண்டுமென்றால் செதில் உரசி, குடல் எடுத்து, முள்ளோடு முழுசாகப் போட்டு, ஒரு கொதியில் இறக்குங்கள்.

ஜிக் மரத்தில் மாட்டிக்கொண்டால்?

மாட்டும், தினமும் மாட்டும். கம்பை வளைத்து முரட்டுத்தனமாக இழுத்தால் கம்புதான் உடையும். நேர் மேலே வந்து, நரம்பை விறைப்பாகப் பிடித்து, விரலால் வீணைத் தந்தி போல ஒரு தட்டு தட்டி விடுங்கள். ஈயத் தலையின் கனம் முள்ளைப் பின்னால் உதறிவிடும். வரவில்லையென்றால் அறுத்துவிட்டு அடுத்ததைக் கட்டுங்கள். ஆனால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே மரம் இருக்கிறது.